தமிழர் வாழ்வில் பழந்துணி

தோற்றுவாய்

பண்டைத் தமிழர் உடுத்த துகிலும் பட்டும் கலிங்கமும் பற்றி அறிஞர் பலர் ஆராய்ந்து எழுதியுள்ளனர். நெய்த திறமும், சாயமிட்ட நுட்பமும், கடல் கடந்து விற்ற சிறப்பும் அவ்வாராய்ச்சிகளால் விளக்கம் பெற்றன. ஆயின், ஒருவர் உடுத்துக் களைந்த ஆடையை மற்றொருவர் ஏற்று உடுத்திய வரலாறு அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. புத்தாடை திருநாளுக்கு உரியது. ஏனை நாள்களில் மக்களுட் பலர் உடுத்தவை பெரும்பாலும் பழையனவே. எனவே, பழந்துணியின் வரலாறு அன்றாட வாழ்வின் வரலாறு என்பது எம் கருத்து.

இவ்வாராய்ச்சிக்கு வித்தாக அமைந்தது சிறு நிகழ்ச்சி ஒன்று. திருவண்ணாமலை நகரை அடுத்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள ஊர் வேங்கிக்கால். ஆங்கு யாம் குடியிருக்கும் தெருவிலிருந்து நாள்தோறும் கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தி, தன் உடையின் பொருத்தத்தால் எம் கவனத்தை ஈர்த்தாள். வினவியபொழுது, சட்டை தமக்கையினுடையது என்றும், துப்பட்டா அத்தை மகள் தந்தது என்றும், ஓரத்தில் வைத்துத் தைத்த சரிகைக் கரை தாயின் கிழிந்த பட்டுப் புடைவையிலிருந்து எடுத்தது என்றும் சிறிதும் கூச்சமின்றி உரைத்தாள். அவள் தாய் வீட்டு வேலை செய்யும் இல்லத்தார் நல்ல ஆடைகளை மூட்டையாகக் கட்டித் தந்ததுண்டு. அவற்றை அவள் தொடவும் இல்லை. அவ்வில்லத்துப் பெண்ணும் அதே கல்லூரியிலேயே பயில்கின்றாள் என்பதே காரணம். இரண்டும் பழந்துணியே. ஒன்றனை மகிழ்ந்து உடுத்தியவள் மற்றொன்றனை மறுத்தது ஏன்? இவ்வினாவுக்கு நம் இலக்கியமும் வரலாறும் தரும் விடையை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

சொல்லும் வழக்கும்

துணி, அறுவை, துண்டு, கூறை எனத் தமிழில் ஆடைக்கு வழங்கும் சொற்கள் பல, துணித்தல், அறுத்தல், துண்டித்தல், கூறுபடுத்தல் என்னும் வினைகளோடு தொடர்புடையன. தறியினின்றும் அறுக்கப்பெற்றதே ஆடை என்னும் எண்ணம் அவற்றில் பொதிந்துள்ளது. அங்ஙனம் அறுத்த புதுத்துணி, நனைத்துத் துவைக்கப்பெறும் முன் 'கோடி' எனப் பெயர் பெறும். உடுத்து நைந்தபின் அதுவே கந்தை, சிதார், சிதவல் என்றெல்லாம் வழங்கப்பெறும்.

இவ்விரு நிலைகளையும் நம் மக்கள் வாழ்வின் இரு முனைகளில் வைத்துள்ள முறை எண்ணத்தக்கது. பிறந்த குழவியைப் புதுத்துணியால் போர்த்துதல் பெரும்பாலும் வழக்கமன்று. பன்முறை துவைத்துக் கஞ்சி நீங்கி மென்மையுற்ற தந்தையின் வேட்டியோ பாட்டியின் புடைவையோதான் அதன் முதல் ஆடை. தாயின் பழம்புடைவையே அதற்குத் தூளி. இறந்தாரின் உடலுக்கோ உறவினர் கோடி போர்த்துகின்றனர். ஆகவே, தமிழர் மேனியை முதலில் தீண்டுவது பிறர் உடுத்த பழந்துணி. இறுதியில் மூடுவது எவரும் உடுத்தாத புதுத்துணி. பழந்துணி இயல்பாகவே இழிந்தது என்று கருதிய சமுதாயம் தன் மகவை அதில் கிடத்தியிராது என்பது தெளிவு. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியும் தூய்மையை வற்புறுத்துகின்றதேயன்றிப் புதுமையை வற்புறுத்தவில்லை.

புரவலன் அரைத்துகில்

சங்க இலக்கியத்தில் கந்தை வறுமையின் அடையாளமாகவே பெரிதும் வருகின்றது. முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையில், கரிகாலனைக் காணச் சென்ற பொருநன் தன் உடையின் நிலையைத் தானே கூறுகின்றான். ஈரும் பேனும் குடிகொண்டு, வியர்வையால் நனைந்து, வேறு வேறு நூல்களால் தைத்துத் தைத்து ஒட்டிய துணி அது. அரசன் அதனைக் களைவித்துப் பாம்பின் உரியை ஒத்த நுண்ணிய ஆடையைத் தந்தான். வேற்று நூல் நுழைந்தமை ஈண்டுக் கருதற்பாலது. கிழிந்த இடந்தோறும் கிடைத்த நூல் கொண்டு தைத்தமையால், நெய்த இழையினும் தைத்த இழை மிகுந்துவிட்டது. அன்றாட உடையைக் காத்துக்கொள்ள எளியோர் மேற்கொண்ட உழைப்புக்கு இஃது ஒரு பழஞ்சான்று.

இதனினும் நுட்பமான சான்று புறநானூற்றின் 398ஆம் பாட்டில் உள்ளது. சேரமான் வஞ்சனைத் திருத்தாமனார் பாடியது அது. தம் இடையிலிருந்த கந்தையை நீக்கிய அரசன், தன் இடையில் உடுத்திருந்த, புகை விரிந்தாற் போன்ற துகிலை உடுத்துவித்தான் என்கின்றார் புலவர். கருவூலத்திலிருந்து கோடி எடுத்துத் தருதல் அரசனுக்கு அரிதன்று. எனினும் தான் உடுத்திருந்ததையே தந்தான். புலவர் பெற்றது பழந்துணி என்றால் பிழையில்லை. ஆயினும், அதனை இழிவென்று கருதாது பெருமையென்று பாடினார். அரசனின் மேனியைத் தீண்டிய ஆடை தம் மேனியைத் தீண்டியதால், இருவரிடையே இருந்த தொலைவு குறைந்தது என்பதே அதன் பொருள். பிற நாட்டினரும் இக்கருத்தை அறிவர். இசுலாமிய அரசவைகளில் வழங்கப்பெற்ற 'கிலத்து' என்னும் சிறப்பாடையின் பெயர், 'களைதல்' எனப் பொருள்படும் அரபு வினையடியாகப் பிறந்தது.

பத்தி இலக்கியக் காலத்தில் புரவலனின் இடத்தை இறைவன் பெற்றான். திருமால் உடுத்துக் களைந்த ஆடையை உடுத்தும் தொண்டராகத் தம்மைக் கூறிக்கொள்கின்றார் திருப்பல்லாண்டு பாடிய பெரியாழ்வார். சிவபெருமான் தான் உடுப்பனவும் சூடுவனவும் சண்டேசுரருக்கு உரியவாகுக என அருளியதைப் பெரியபுராணம் கூறும். இன்றும் அம்மனுக்குச் சார்த்திய புடைவைகளைக் கோயில்களில் ஏலத்தில் எடுத்துச் செல்லும் மகளிர் அவற்றைப் புத்தாடையினும் சிறந்தனவாகப் போற்றுகின்றனர்.

விதித்த கந்தையும் விரும்பிய கந்தையும்

பழந்துணியின் மறுமுகம் கொடியது. மனுதருமத்தின் பத்தாம் அத்தியாயம், பணி செய்யும் சூத்திரனுக்கு நைந்த ஆடைகளைத் தருக என்றும், சண்டாளர் பிணத்தின் ஆடையையே உடுத்துக என்றும் விதிக்கின்றது. இங்கே பழந்துணி கொடையன்று. ஒருவன் நிலையை ஊரறியக் காட்டும் முத்திரை. இம்மனப்பான்மை நூலோடு நின்றுவிடவில்லை. 1930ஆம் ஆண்டு டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் சுமத்தப்பெற்றன. ஆடவர் முழங்காலுக்குக் கீழே ஆடை தாழ உடுத்தலாகாது, சட்டை அணியலாகாது என்பன அவற்றுள் அடங்கும். ஆடை வாங்கும் வலிமை வந்தபின்னும் உடுத்தும் உரிமை மறுக்கப்பட்டமையை இது காட்டுகின்றது.

இவ்விழிவைத் தலைகீழாக மாற்றியோர் துறவியர். பௌத்தத் துறவியர், குப்பையிலும் சுடுகாட்டிலும் பிறர் எறிந்த துணிகளைப் பொறுக்கித் துவைத்துத் தைத்து உடுத்தும் நோன்பை மேற்கொண்டனர். சண்டாளர்க்கு விதியாக வந்த பிணத்துணி, துறவிக்கு விருப்பமாக அமைந்தது. துணி ஒன்றே, வேறுபட்டது தெரிவுரிமை.

திருவண்ணாமலையில் இத்தெரிவுக்கு அண்மைக் காலச் சான்று உண்டு. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூர் வந்தடைந்த இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிசி எனப் போற்றப்பெற்றவர், தம் வேட்டியைக் கிழித்துக் கோவண அளவு வைத்துக்கொண்டு எஞ்சியதை எறிந்துவிட்டார். அவர் மலையில் தங்கியிருந்த காலத்தில் வைத்திருந்த துண்டு ஒன்று கந்தலாகி எங்கும் துளை விழுந்திருந்தது. அதைக் கண்ட மாடு மேய்க்கும் சிறுவன், அத்துண்டு கவர்னருக்கு வேண்டுமாம் எனக் கேலி செய்ய, தர இயலாது என்று சொல் என அவரும் நகையாடினார். கோவணம் கிழிந்தபொழுது அத்துணியிலிருந்தே நூல் உருவி, முள்ளை ஊசியாக்கித் தைத்துக்கொண்டார். இச்செய்திகளைச் சூரி நாகம்மா தம் கடிதங்களில் பதிந்துள்ளார். அடியார் அறியின் வருந்துவர் என்று அவர் அத்துண்டை மறைத்து வைத்தமையும் அவற்றால் அறிகின்றாம். தம் கந்தையால் பிறர்க்கு நாணமோ துயரமோ விளைதல் ஆகாது என்ற அவருடைய எண்ணம் போற்றற்குரியது.

வாடகையும் கூலியும்

கொடையாகவும் விதியாகவும் அன்றி, பொருளுக்கு ஈடாகவும் பழந்துணி கைம்மாறியுள்ளது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளில், சலவைத் தொழிலாளர் தம்மிடம் வெளுக்க வந்த ஆடைகளை வாடகைக்கு விட்ட வழக்கம் குறிக்கப்பெற்றுள்ளது. ஒரு நாளைக்கு உரிய நல்லாடையை ஒரு நாளைய வாடகைக்குப் பெற்றோர் எவர்க்கும் கடன்பட்டாரல்லர்.

குடுகுடுப்பைக்காரரின் உடையும் இவ்வகையினதே. வைகறையில் உடுக்கையொலியோடு வந்து, நல்ல காலம் பிறக்கின்றதென்று குறி கூறி, அதற்கு ஈடாகப் பழந்துணி கேட்பது அவர் மரபு. ஒரு வீட்டுக் கோட்டு, மற்றொரு வீட்டுத் துப்பட்டி, வேறொரு வீட்டுப் புடைவையில் சுற்றிய தலைப்பாகை என ஊர் முழுவதும் அவர் மேனியில் காட்சி தரும். மணிமேகலையில் கந்தையும் தழையும் கட்டிய பித்தனைச் சூழ்ந்து மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர். குடுகுடுப்பைக்காரரின் பல்வண்ண உடையோ தொழிலுக்குரிய கோலமாகின்றது. சொன்ன சொல்லுக்குக் கூலியாகப் பெற்றமையால் அவர் அதனை மறைப்பதில்லை.

2004 டிசம்பர் 26இல் நேர்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவ்வுண்மை மீண்டும் வெளிப்பட்டது. நாடெங்கிலுமிருந்து தமிழகக் கடற்கரைக்குப் பழந்துணிகள் குவிந்தன. நாகப்பட்டினம் பகுதி மீனவர் பலர் அவற்றை ஏற்க மறுத்தனர். துணிகள் சாலையோரங்களில் குவியலாகக் கிடந்தன. உடைமை அனைத்தையும் இழந்தோர் மறுப்பதா எனச் சிலர் வியந்தனர். அவர்கள் இழக்காதிருந்தது மானம் ஒன்றே என்பதை அன்னோர் எண்ணினாரல்லர். 1999இல் அன்சு குப்தா தில்லியில் தொடங்கிய கூஞ்சு என்னும் அமைப்பு அத்துணிகளைத் திரட்டிப் பிரித்துப் பயன்படுத்தும் பணியில் ஈடுபட்டது. குளம் வெட்டுதல், சாலை செப்பனிடுதல் முதலிய ஊர்ப்பணிகளைச் செய்தோர்க்குத் துணியை உழைப்பின் பயனாக வழங்குவது அவ்வமைப்பின் முறை. இரவலாக வந்தால் தலை குனியச் செய்யும் துணி, கூலியாக வந்தால் நிமிர்ந்து உடுத்தச் செய்கின்றது.

தமிழ்நாட்டு அரசு 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டத்தையும் ஈண்டு ஒப்புநோக்கலாம். உறவில்லாத ஒருவர் தரும் ஆடை கோடியாக இருத்தல் வேண்டும் என்னும் மரபுணர்ச்சிக்கு இயையவே, பொங்கலுக்கு ஏழையர் பெறுவது புத்தாடையாக அமைந்துள்ளது.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், பழந்துணியின் மதிப்பைத் துணி வரையறுப்பதில்லை. தருவோருக்கும் பெறுவோருக்கும் உள்ள தொடர்பே வரையறுக்கின்றது என்பது போதரும். உறவினர் தந்தால் உரிமை. புரவலன் தன் மேனியினின்று களைந்து தந்தால் பெருமை. இறைவன் தந்தால் அருள். உழைப்பிற்கு ஈடாக வந்தால் ஊதியம். மேலோர் கீழோர்க்கென எறிந்தால் மட்டும் அது கந்தை.

அண்மைக் காலத்தில், வீண் செலவைத் தவிர்த்தல், சுற்றுச்சூழலைக் காத்தல் முதலிய நன்னோக்கங்களால் பழைய ஆடைகளையே தேர்ந்து இணைத்து உடுத்தும் பழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. தமிழ்நாட்டு ஊர்கள் சிலவற்றில் 'அன்புச் சுவர்' என்னும் பெயரில், வேண்டாதார் வைத்துச் செல்லவும் வேண்டுவோர் எடுத்துக்கொள்ளவும் இடம் அமைத்துள்ளனர். வைப்பவர் யார், எடுப்பவர் யார் என ஒருவரையொருவர் அறியாதிருத்தலே அச்சுவரின் சிறப்பு. இவை வரவேற்கத்தக்கன. எனினும், தெரிவுரிமை உடையோர் பழையது உடுத்துதல் எளிமை எனப்படுகின்றது. அவ்வுரிமை இல்லாதோர் உடுத்துதல் வறுமை எனப்படுகின்றது. இவ்வேற்றுமையை மறந்து பழந்துணியின் பெருமையைப் பேசுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.

வேங்கிக்கால் மாணவியின் செயலுக்கு உரிய விடையும் இதுவே. தமக்கையின் சட்டையில் உறவை உடுத்தினாள். மூட்டையில் வந்த சட்டையில் பணிப்பெண்ணின் மகள் என்னும் பெயரை உடுத்த மறுத்தாள். தந்தவர்மீது குற்றமில்லை, அவர் நெஞ்சில் இரக்கமே இருந்திருக்கலாம். ஆயினும், ஆடை கொடுக்குங்கால் அளவு பார்ப்பது போலவே, பெறுவோரின் மனமும் பார்த்துக் கொடுத்தல் அறம். சேரமான் வஞ்சனின் கொடையை நினைந்து யாம் கற்றுக்கொள்ள வேண்டுவது அதுவேயாம்.