குட்டைப் பாஸின் நெடும்பயணம்

கால்பந்தில், காலுக்குக் கால் குட்டைப் பாஸாகப் பந்தைத் தட்டி, எதிரணி சோர்ந்துபோகும்வரை அதை விட்டுக்கொடுக்காத ஆட்டத்துக்கு ‘டிக்கி-டாக்கா’ என்று பெயர். அது ஸ்பெயினின் முத்திரையாகப் புகழ்பெற்றது. ஆனால் தேசிய அணியை அந்த ஆட்டத்துக்குத் திருப்பிய லூயிஸ் அரகோனெஸ், அதில் வளர்ந்தவரே அல்ல.

மாட்ரிட்டின் ஒர்தாலேசாவில் 1938இல் பிறந்தவர். கிளப்புகளுக்கான 1974 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் அத்லெட்டிகோ மாட்ரிட்டுக்காக அவர் அடித்த ஃப்ரீ கிக் கோல், பயர்ன் மியூனிக் கடைசி நிமிடத்தில் சமன்செய்ததால் வீணானது. மறு ஆட்டத்தில் 4-0 தோல்வி. அதே ஆண்டு அத்லெட்டிகோவின் பயிற்சியாளரானார். 1977இல் லீகை வென்றார். எதிரணியை முன்னேறவிட்டு, பந்து கிடைத்ததும் பாய்வதுதான் அவர் நம்பிய ஆட்டம்.

குட்டைப் பாஸோ பார்சிலோனாவில் வளர்ந்தது. 1987-88இல் அங்கே பயிற்சியாளராக இருந்த அரகோனெஸ், கிளப் தலைவர் நூனியெஸ் பதவி விலகக் கோரிய வீரர்களின் பக்கம் நின்றார். சீசன் முடிந்ததும் வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்தவர் யோஹன் க்ராய்ஃப். அவர் காலத்தில் பந்தை வசத்தில் வைத்திருப்பதே அந்த கிளப்பின் பாலபாடமானது. 1991இல் 11 வயதில் அங்கே சேர்ந்த சாவி அதைக் கற்றே வளர்ந்தார்.

2004இல் அரகோனெஸ் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக வந்தார். அவ்வாண்டே பிரெஞ்சு வீரர் தியெரி ஆன்ரியைப் பற்றி அவர் பேசிய இனவெறிச் சொல் நீங்காத கறை; அதை மறைக்கக் கூடாது. 2006 உலகக் கோப்பையில் பிரான்ஸிடம் தோல்வி; பிறகு வட அயர்லாந்திடமும் சுவீடனிடமும் தோல்வி. நட்சத்திர வீரர் ராவுலை அவர் நீக்கியதும் பத்திரிகைகள் கொதித்தன. அவர் அசையவில்லை. கையில் இருந்தவர்கள் சாவி, இனியெஸ்தா, சில்வா: உருவத்தில் சிறியவர்கள், பந்தில் வித்தகர்கள். அவர்களுக்குப் பின்னால் காவலாக மார்கோஸ் சென்னாவை நிறுத்தி, ஆட்டத்தையே அவர்களுக்கேற்ப மாற்றினார்.

ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டியின் 2008 கால் இறுதியில் இத்தாலி பெனால்டியில் வீழ்ந்தது. ஜூன் 29 அன்று வியன்னாவில் நடந்த இறுதியில், சாவி கொடுத்த பாஸில் டோரஸ் அடித்த ஒரே கோல் ஜெர்மனியை வென்றது. 44 ஆண்டுகளுக்குப் பின் ஸ்பெயினுக்குப் பெரிய கோப்பை. அதே பாதையில் அடுத்த பயிற்சியாளர் தெல் பொஸ்கே 2010 உலகக் கோப்பையையும் 2012 யூரோவையும் வென்றார்.

2014இல் மறைந்த அரகோனெஸைக் கோப்பைகளால் மட்டும் அளக்க முடியாது. தன் கொள்கைக்கேற்ற வீரர்களைத் தேடும் பயிற்சியாளர்கள் ஏராளம். கையில் இருக்கும் வீரர்களுக்காக, எழுபதை நெருங்கும் வயதில் தன் கொள்கையை மாற்றிக்கொண்டவர் அவர். ஸ்பெயினின் பொற்காலம் அந்தத் துணிவில்தான் தொடங்கியது.