அக்கினு நினைச்சு விட்டுடாதீங்க... எந்தக் கொப்புளம் ஆபத்து?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் உடம்புல கொப்புளம் கிளம்பினா, வீட்டுப் பெரியவங்க முதல்ல சொல்றது 'அக்கி'. உடனே காவி குழைச்சு அக்கி எழுதுறவங்ககிட்ட கூட்டிட்டுப் போவாங்க. ஆனா, எல்லாக் கொப்புளமும் அக்கி இல்லை. சிலதுல தாமதிச்சா உயிருக்கே ஆபத்து.

அக்கி

எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ், நரம்புல பதுங்கியிருந்து மறுபடி கிளம்புறதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கத்துல மட்டும் பட்டையாக, எரிச்சலோடு வரும். 'எழுதினா சரியாயிடுதே'னு கேட்பீங்க. பெரும்பாலும் 2 - 4 வாரத்துல அது தானாகவே ஆறிடும். பெயர் காவிக்குப் போயிடுது. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சா பலன் அதிகம். கண்ணுக்குப் பக்கத்துல வந்தா, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

பெம்ஃபிகஸ் வல்காரிஸ்

தோலின் மேலடுக்குல செல்களைச் சேர்த்துப் பிடிச்சிருக்கிற புரதம், டெஸ்மோக்ளீன். நம்ம எதிர்ப்பு சக்தியே அதைத் தவறுதலாகத் தாக்கும்போது, நூல் அறுந்த துணி மாதிரி செல்கள் பிரிஞ்சிடும். கொப்புளம் தொளதொளனு இருக்கும். லேசா உரசினாலே உடைஞ்சு புண்ணாகும். பலருக்கு முதல்ல வருவது வாய்ப்புண்தான். இது தொற்றுநோய் இல்லை.

புல்லஸ் பெம்ஃபிகாய்டு

பெரும்பாலும் 60 வயசைத் தாண்டினவங்களுக்கு வரும். இதுல மேல்தோல் முழுசாக அடித்தோல்ல இருந்து விலகுது. அதனால கொப்புளம் விறைப்பா இருக்கும், சீக்கிரம் உடையாது. சில வாரங்கள் முன்னாடியே அரிப்பு ஆரம்பிக்கலாம். தாத்தா, பாட்டி ராத்திரியெல்லாம் சொறிஞ்சா, 'வெயில் சூடு'னு தள்ளிவிடாதீங்க.

கொப்புளம் இல்லாத அழற்சி

சொரியாசிஸ்ல, சுமார் ஒரு மாசத்துல புதுசாகுற மேல்தோல் சில நாள்லயே வளர்ந்து, வெள்ளிச் செதிலாக உதிரும். கரப்பான்ல செல்களுக்கு நடுவுல நீர் கோத்து, அரிச்சுக் கசியும். லைக்கன் பிளானஸ்ல ஊதா நிறத்துல தட்டையான பருக்கள் வரும். இந்த மூணுமே தொட்டா ஒட்டாது, தனித்தட்டு தேவையில்லை.

சிகிச்சை இருக்கு!

ஸ்டீராய்டு வர்றதுக்கு முன்னாடி பெம்ஃபிகஸ் வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க பிழைக்கலை. 1980-களில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர் பஸ்ரிச்சா கொண்டுவந்த 'பல்ஸ்' சிகிச்சை, இந்தியாவுல பலரைக் காப்பாத்துச்சு. இப்போ ரிட்டுக்ஸிமாப் ஊசியும் இருக்கு. நோயை உறுதிப்படுத்த, தோல்ல சின்னத் துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்வாங்க. 2022-லிருந்து விருதுநகர்லயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு.

ரெண்டு வாரம் தாண்டின வாய்ப்புண், உடம்பின் ரெண்டு பக்கமும் கொப்புளம், தோல் உரியுறது, கூடவே காய்ச்சல்... இதுல ஒண்ணு இருந்தாலும் தோல் டாக்டரைப் பாருங்க. மெடிக்கல்ல கேட்டு ஸ்டீராய்டு க்ரீம் வாங்கித் தடவாதீங்க. டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை, குணமான மாதிரி தெரிஞ்சாலும் நீங்களா நிறுத்தாதீங்க.