பெயரில் மறைந்த தறி: காலடிப்பேட்டையும் வடசென்னைக் கடற்கரையின் மரபுப் பயண வழியும்

ஆய்வுச் சுருக்கம்

வடசென்னைக் கடற்கரையில் பழங்கோயில், காலனியக் கால நகர், கடல் ஆகிய மூன்றும் ஒரே வழியில் அமைந்துள்ளன. இவ்வழியில் திருவொற்றியூரை ஒட்டியுள்ள காலடிப்பேட்டை, பார்வையாளர்க்குக் காட்டத்தக்க சிதைவுகள் ஏதுமின்மையால் எளிதில் கடந்து செல்லப்படுகிறது. கும்பினி ஆவணம், கோயில் கதை, ஊர்ப்பெயர் ஆகிய மூவகைச் சான்றுகளை ஒப்பிட்டு, ஊர் தோன்றக் காரணமான நெசவாளர் எவ்வாறு நினைவிலிருந்து நீங்கினர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காலடிப்பேட்டை, ஜோசப் கலெட், திருவொற்றியூர், நெசவாளர் குடியேற்றம், ஊர்ப்பெயராய்வு, மரபுப் பயணம்

முன்னுரை

சிதைவுகள், காலனிய நகரங்கள், வெப்பமண்டலக் கடற்கரை ஆகியவற்றை ஒரே பயணமாகத் தொகுத்துக் காட்டும் சுற்றுலா முறைக்கு மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பம் தக்க எடுத்துக்காட்டாகும். அங்கே தியோ என்னும் மாயர் நகரின் மீது ஸ்பானியர் 1542இல் மெரிடாவை நிறுவினர். பழைய கட்டடங்களின் கற்களே புதிய நகருக்குப் பயன்பட்டன. இசமால் நகரில் மாயர் எழுப்பிய மேடையின் மீதே பிரான்சிஸ்கன் துறவியரின் மடம் எழுந்தது. கடலை நோக்கி நிற்கும் துலூம் மதில்நகர் வணிகத் துறையாக விளங்கியது. வென்றோர் ஊர் தோற்றோர் ஊரின் மேல் எழுந்தது என்னும் உண்மையை அப்பயணத்தில் செல்வோர் கண்ணாலேயே காணலாம்.

இராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரையிலான கரையிலும் இம்மூன்று கூறுகளும் உள்ளன. 1856இல் திறக்கப்பட்ட இராயபுரம் தொடர்வண்டி நிலையமும், மூவர் பாடிய திருவொற்றியூர்க் கோயிலும், 1613இல் எழுந்த கெல்திரியாக் கோட்டையின் எச்சங்களும் டச்சுக் கல்லறைகளும் இவ்வழியில் உள்ளன. ஆயினும் இங்கே புதியது பழையதன் மீது எழவில்லை. அதன் அருகே அமைந்தது. இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ளக் காலடிப்பேட்டையே தக்க இடம்.

கும்பினியும் திருவொற்றியூரும்

திருவொற்றியூர் கும்பினியின் வருகைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெரும் நிறுவனமாக வளர்ந்திருந்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதரின் முயற்சியால் இரவி என்னும் வீரசோழத் தச்சன் கருங்கல் விமானம் எடுத்ததைக் கல்வெட்டு கூறுகிறது. மடமும் இலக்கணம் பயிற்றிய மண்டபமும் அங்கு இயங்கின.

1708இல் கருநாடகத்தின் முகலாய ஆட்சியாளர் தாவூத்கான் வழங்கிய ஐந்து ஊர்களுள் திருவொற்றியூரும் ஒன்று. பின்னர் எழுந்த உரிமைப் பூசல், பேரரசர் பரூக்சியரின் ஆணையை அடுத்து 1717இல் கும்பினிக்குச் சாதகமாக முடிந்தது. அவ்வாண்டில் சென்னையின் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஜோசப் கலெட் அவ்வூர்களைக் கைக்கொண்டார். அவர் அதற்கு முன் சுமாத்திராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலனில் கும்பினியின் மிளகு வணிகத்தை நடத்தியவர். தென்கிழக்காசியச் சந்தைகளில் சோழமண்டலக் கரைத் துணிக்கு இருந்த மதிப்பை அவர் அறிந்திருந்தார் எனக் கொள்ளலாம்.

1719ஆம் ஆண்டின் பேட்டை

திருவொற்றியூருக்குத் தெற்கே நெசவாளரையும் துணியில் வண்ணம் தீட்டுவோரையும் கலெட் குடியேற்றினார். 1719ஆம் ஆண்டுக் குறிப்புகள் இவ்வூரில் ஏறத்தாழ நூறு வீடுகள், பத்துக் கடைகள், ஒரு கோயில், ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான மக்கள் இருந்ததைக் காட்டுகின்றன. ஊருக்குக் கலெட் பேட்டை எனப் பெயரிடப்பட்டது.

அதே 1719இல் இலண்டனில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்து, அச்சுத்துணி அணிந்த பெண்களைத் தெருவில் தாக்கினர். இந்திய அச்சுத்துணியை இங்கிலாந்தில் உடுத்துவதற்கு 1700ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே தடை விதித்திருந்தது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையை மேலும் விரிவாக்கியது. ஆயினும் பிற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்வது தடுக்கப்படவில்லை. ஆகவே ஓர் ஊரில் தறிக்கு எதிராகக் கூட்டம் திரண்ட ஆண்டிலேயே மற்றோர் ஊரில் தறிக்காகக் குடியிருப்பு எழுந்தது. காலடிப்பேட்டையின் தோற்றத்தை உள்ளூர் நிகழ்வாக மட்டும் கொள்ளாமல், இப்பரந்த வணிகப் பூசலின் ஒரு முனையாகக் கொள்வதே பொருத்தம்.

படையெடுப்பின் வழியே பெற முடியாத ஒன்றைக் கும்பினி இங்கே நாடியது. அது கைத்திறன். நெசவாளரை இழுக்க வீடும் கடையும் போதவில்லை, கோயிலும் வேண்டியிருந்தது. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில் தோன்றிய சிந்தாதிரிப்பேட்டையும் இதே முறையில் அமைந்த நெசவாளர் ஊரே. மெரிடாவில் வழிபாட்டிடம் இடிக்கப்பட்டதற்கும் இங்கே எழுப்பப்பட்டதற்கும் காரணம் ஆள்வோரின் குணவேறுபாடு அன்று. அவர்கள் நாடிய பயனின் வேறுபாடே.

கோயில் கதை

காலடிப்பேட்டைக் கல்யாண வரதராசப் பெருமாள் கோயில் குறித்து வழங்கும் கதை வேறு காரணம் கூறுகிறது. கலெட்டிடம் பணியாற்றிய வீரராகவர், நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதராசரைத் தொழுத பின்னரே பணிக்கு வருவார். எழுபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தொலைவை ஒருவர் எவ்வாறு கடப்பார் என ஐயுற்ற கலெட், இப்போது காஞ்சியில் என்ன நிகழ்கிறது எனக் கேட்டார். வீரராகவர் விழாவின் நிலையை இருந்த இடத்திலிருந்தே கூறினார். ஆள் அனுப்பி விசாரித்தபோது அது மெய்யென உறுதிப்பட்டது. வியந்த கலெட் அவருக்காக இங்கேயே கோயில் எடுத்தார் என்பது கதை.

வெள்ளை அதிகாரி ஐயுற்று, சோதித்து, பின் பணியும் இவ்வமைப்பு தமிழகத்தில் பரவலானது. மதுராந்தகம் ஏரிகாத்த இராமர் கோயிலில் ஆட்சியர் பிளேஸ் பற்றியும், மதுரையில் ஆட்சியர் பீட்டர் பற்றியும் இத்தகைய கதைகள் வழங்குகின்றன. இக்கதைகளை நிகழ்வுச் சான்றாகக் கொள்ள இயலாது; அயலார் ஆட்சியைத் தம் தெய்வத்தின் கீழ் அமைத்துக்கொண்ட மக்களின் மனநிலைக்கு அவை சான்றாகும்.

பெயரின் மாற்றம்

கலெட் என்னும் பெயர் பேட்டையோடு புணர்ந்து வழங்கியபோது, தமிழ்ச் செவிக்குப் பழகிய 'கால்', 'அடி' என்னும் சொற்களின் வடிவத்தை ஏற்றது. ஹாமில்டன் பாலம் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, மீண்டும் ஆங்கிலத்தில் நாவிதர் பாலம் என மொழிபெயர்க்கப்பட்ட கதையை இதனோடு ஒப்பிடலாம். சிந்தாதிரிப்பேட்டை என்னும் பெயரைச் 'சின்னத் தறிப் பேட்டை' எனப் பிரித்துத் தொழிலின் நினைவை மீட்போர் உளர். காலடிப்பேட்டை என்னும் பெயரிலோ தொழிலும் இல்லை, ஆளுநரும் இல்லை. 2021இல் திறக்கப்பட்ட மெட்ரோ நிலையம் இவ்வடிவத்தையே நிலைப்படுத்தியுள்ளது.

மூன்று சான்றுகள், ஒரு வெற்றிடம்

இம்மூவகைச் சான்றுகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் உண்மை புலப்படும். ஆவணம் நெசவாளரை எண்ணுகிறது. தன் கணக்கில் அவர்களைத் தலைகளாக மட்டுமே காட்டுகிறது. கதை ஆளுநரையும் பணியாளரையும் பெருமாளையும் பேச வைக்கிறது. அதில் தறியின் ஓசை இல்லை. ஊர்ப்பெயர் எவரையும் சுட்டவில்லை. யாருக்காக ஊர் அமைக்கப்பட்டதோ அவர்களே மூன்றிலும் பேச்சற்று உள்ளனர்.

பயண வழிகாட்டிகள் விரும்பிக் கூறுவது வீரராகவர் கதையையே. கேட்கச் சுவையானதாயினும், அதை மட்டும் கூறி நிறுத்தும் பயணம் நெசவாளரை மீண்டும் ஒருமுறை நீக்குகிறது. சுவடற்ற இடத்தைக் காட்டும்போது, சுவடு ஏன் இல்லை என்று கூறுவதும் வரலாற்றுக் கடமையாகும்.

கரையும் சான்றும்

காலமும் நமக்குச் சாதகமாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் கடல்மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டது. கருங்கல் அரண்கள் இன்று கரையைக் காக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைகளும் சாலை விரிவாக்கமும் பழைய குடியிருப்புகளின் அமைப்பை மாற்றின. வாய்மொழிச் செய்திகளை அறிந்த தலைமுறையும் குறைந்து வருகிறது.

முடிவுரை

காலடிப்பேட்டை, வெல்லப்பட்ட ஊரின் மீது எழுந்த நகரன்று. உழைப்பை வேண்டி அழைத்த ஊர். அதன் வரலாற்றை முழுமையாக்க மூன்று பணிகள் உடனடித் தேவை. கும்பினிக் கலந்தாய்வுக் குறிப்புகளில் இப்பேட்டை தொடர்பான பகுதிகளைத் தமிழில் தொகுத்தல் முதலாவது. கோயில் சொத்து, மண்டகப்படி உரிமை, தெருப்பெயர் ஆகியவற்றில் நெசவுக் குடிகளின் தடத்தைத் தேடுதல் இரண்டாவது. முதியோரிடம் குடும்ப வரலாறுகளைப் பதிவு செய்தல் மூன்றாவது. இவை நிறைவேறினால், திருவொற்றியூர் விமானத்துக்கும் பழவேற்காட்டுக் கல்லறைகளுக்கும் இடைப்பட்ட இவ்வூரில் நின்று பயணிக்குக் கூற உண்மையான செய்தி கிடைக்கும்.