அடையாறு கண்ட மாண்டிசோரி அம்மையார்

பள்ளியில் தெலுங்கு நன்கு பயிலும் நம் நாயுடுபேட்டைக் காலனிக் குழந்தைகள், விடுமுறைக்குச் சென்னை சென்றால் பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படிக்க அறியாது நம் முகம் நோக்குகின்றனர். இக்குறை உறுத்தியபோது யாம் படித்தறிந்த வரலாறு ஒன்றை ஈண்டுக் கூறுவோம்.

இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார், பிரம்மஞான சபையின் அழைப்பையேற்று, 1939-இல் மகன் மாரியோவுடன் அடையாறு வந்தார். ஆசிரியர்கட்குச் சில மாதங்கள் பயிற்சியளித்துத் திரும்புவதே எண்ணம். தமிழும் அறியார், ஆங்கிலமும் பேசார். இத்தாலிய மொழியில் அவர் உரையாற்ற, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கவே, மாரியோ தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்; அம்மையாரும் சபையின் எல்லைக்குள் இருத்தப்பட்டார். ஆகஸ்டில், அவரது 70-ஆம் பிறந்த நாளையொட்டி மகன் விடுவிக்கப்பெற்றார். பெற்ற மனத்துக்கு இதனினும் பெரிய பரிசு ஏது! பின்னர்க் கொடைக்கானலில் தங்கிச் சிறார்க்குப் பள்ளியும் நடத்தினார். சில மாதப் பயணம் 1946 வரை நீண்டது.

அவர் முறையில் எழுத்து விரலுக்கும் உரியது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தின்மீது விரலோட்டிக்கொண்டே குழந்தை ஒலியைக் கற்கும். நம் திண்ணைப் பள்ளியில் மணல்மீது எழுதியதும் விரலாலன்றோ!

கடந்த கோடை விடுமுறையில் எம் இல்லத்திலும் உப்புத்தாள் வெட்டினோம். இளைய மகள் பெரும்பாலான எழுத்துக்களை அறிந்துவிட்டாள். ழகரத்தில் மட்டும் விரல் இன்னும் வழி தவறுகின்றது.