தோமஸ் வகுத்த குதி

நொந்த உறுப்புக்கு நீண்ட, இடையறாத ஓய்வு வேண்டும் என்பதே ஹியூ ஓவன் தோமஸின் கொள்கை. 1834இல் வேல்ஸ் நாட்டு முறிவு நெரிவு வைத்தியர் பரம்பரையிலே தோன்றி, இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகரில் வைத்தியம் புரிந்தவர் அவர். ஞாயிறுதோறும் ஏழைகளை இலவசமாகவே பார்த்தார். ஆனால், துறைமுகத்திற் சுமை தூக்குபவனின் பாத வளைவு தாழ்ந்து நோவெடுத்தால், அவனை எங்ஙனம் படுக்கவைப்பது? நின்றாலன்றோ அவனுக்குக் கூலி!

தோமஸ் அவனது சப்பாத்தைத் திருத்தினார். சப்பாத்துக் குதியின் உட்புறத்தை ஏறக்குறைய அரை அங்குலம் முன்னே நீட்டி, அப்பக்கத்தைச் சற்றே உயர்த்தினார். குதிக்கால் உட்புறமாய்ச் சரிவது அதனாற் குறைந்தது. தாழ்ந்த வளைவுக்குக் கீழே ஒரு தாங்கலும் கிடைத்தது. நோயாளி நடந்தபடியே ஓய்வு பெற்றான் எனலாம். இதற்கு வேண்டியவை தோற்றுண்டும் சில ஆணிகளுமே.

1891இல் தோமஸ் காலமானார். அவர் அமைத்த இரும்புச் சட்டம் முதலாம் உலகப் போரிலே தொடையெலும்பு முறிந்த பல வீரரைக் காத்துப் புகழெய்தியது. சப்பாத்துக் குதியோ ‘தோமஸ் குதி’ என்ற பெயருடன் எலும்பு வைத்திய நூல்களில் ஆரவாரமின்றி இடம்பெற்றது.