கைவிடப்பட்ட இருப்புப்பாதையும் கடிதமில்லாத மனிதர்களும்

இருப்புப்பாதை போடும்போது முதல் ஆணியையோ கடைசி ஆணியையோ அடிப்பதை விழாவாகக் கொண்டாடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அடித்த ஆணியைப் பிடுங்குவதற்கும் ஒரு விழா நடந்திருக்கிறது. 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிராமண்டரி என்னும் வறண்ட மேட்டுநிலத்தில் அது நிகழ்ந்தது. உலகப்போருக்கு இரும்பு தேவைப்பட்டது. ரயில்கள் அருகிப்போன அந்தப் பாதையின் தண்டவாளங்கள் நூறு மைலுக்கு மேல் பெயர்த்தெடுக்கப்பட்டுப் போர்ப்பணிக்கு அனுப்பப்பட்டன. மண்மேடும், உளுத்த ஸ்லீப்பர் கட்டைகளும், மண்ணுக்குள் சிதறிக்கிடந்த சிறு பொருட்களும் மட்டுமே எஞ்சின.

அது ஏதோ ஒரு கிளைப்பாதை அன்று. 1869-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள், கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பாதையும் மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் பாதையும் கைகோத்த இடம் அதுதான். அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் முதல் இருப்புப்பாதை அன்று நிறைவுற்றது. ஆனால் 1904-இல் பெரிய உப்பு ஏரியின் மீது நேராகச் செல்லும் புதிய பாதை திறக்கப்பட்டதும், ஏரியின் வடக்கே சுற்றிவரும் பழைய பாதைக்கு வேலை குறைந்துபோயிற்று. அதை நம்பியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக வெறிச்சோடின. டெர்ரஸ், கெல்ட்டன் என்று ஒருகாலத்தில் கடைவீதியும் பட்டறையும் குடியிருப்புமாக இருந்த ஊர்கள் இன்று புதர்களுக்கிடையே சில செங்கற்களாகவும் ஒரு கல்லறைத் தோட்டமாகவும் சுருங்கிவிட்டன.

இத்தகைய இடங்களைத் தேடிச்செல்லும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் உண்டு. கையில் நீண்ட கோல், அதன் நுனியில் தட்டு, காதில் கேட்பொறி. விமான நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் நாம் கண்டு பழகிய மெட்டல் டிடெக்டரின் உறவுக்காரக் கருவிதான் அது. பழைய வரைபடங்களைப் பார்த்து, ஓடாத இருப்புப்பாதைகளையும் மறைந்த நிலையங்களையும் கண்டுபிடித்து, மண்ணை அடி அடியாகத் துழாவுவது இவர்களுடைய பொழுதுபோக்கு. தண்டவாள ஆணிகள், பூட்டுகள், சாவிகள், விளக்குகளின் உடைந்த பாகங்கள், ஊழியர்களின் சட்டைப் பொத்தான்கள், நாணயங்கள் ஆகியவை இவர்களுக்குக் கிடைக்கும். தலையில் ஆண்டின் எண் பொறித்த சிறு ஆணிகள் கிடைத்தால் மகிழ்ச்சி இன்னும் அதிகம். ஒரு கட்டை எத்தனை ஆண்டு உழைக்கிறது என்று கணக்கிட ரயில் நிறுவனங்கள் கட்டைகளில் அடித்துவைத்த ஆணிகள் அவை.

இக்கருவியின் வரலாறே ஒரு ரயில் நிலையத்தோடு பிணைந்தது என்பது வியப்புக்குரியது. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டார். உடலுக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கண்டறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், உலோகத்தின் இருப்பை ஒலியாக மாற்றும் கருவியொன்றை அவசரமாகச் செய்து கொண்டுவந்தார். படுக்கையிலிருந்த உலோகக் கம்பிச் சுருள்கள் குழப்பின. தலைமை மருத்துவரோ குண்டு வலப்புறம்தான் இருக்கிறது என்று நம்பி அப்பக்கத்தை மட்டுமே சோதிக்கவிட்டார். குண்டு இடப்புறம் இருந்தது. அதிபர் செப்டம்பர் 19-ஆம் நாள் இறந்தார். கருவி பொய் சொல்லவில்லை. தேடியவர் எங்கே தேட விரும்பினாரோ அங்கே மட்டுமே அது தேடியது. இச்செய்தியை நினைவில் கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

ஜெர்மனியிலிருந்து குடியேறிய கெர்ஹார்ட் ஃபிஷர் 1937-இல் கையில் எடுத்துச்செல்லத்தக்க கருவிக்கு உரிமம் பெற்றார். அடுத்து வந்த போரில் போலந்து இராணுவ அதிகாரியான யூசெஃப் கோசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி 1942-இல் எல் அலமைன் போர்க்களத்தில் பயன்பட்டது. பிராமண்டரியின் தண்டவாளங்கள் போருக்குப் போன அதே ஆண்டு அது. போர் முடிந்ததும் எஞ்சிய இராணுவக் கருவிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. தண்டவாளத்தைப் பிடுங்கிய போர், அதன் எச்சங்களைத் தேடும் கருவியையும் பொதுமக்கள் கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று எனலாம்.

இனி, அந்த மண்ணுக்குள் இருப்பவை யாருடைய பொருட்கள் என்று பார்ப்போம்.

சாக்ரமெண்ட்டோவிலிருந்து பிராமண்டரி வரை சுமார் 690 மைல் பாதையைச் சென்ட்ரல் பசிபிக் அமைத்தது. அதன் தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியிலிருந்து வந்தவர்கள். வேலை உச்சத்திலிருந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். சியரா நெவாடா மலையில் கருங்கல்லைக் குடைந்து 1,659 அடி நீளச் சுரங்கப்பாதை அமைத்தவர்கள் அவர்கள். பனிச்சரிவில் புதைந்து இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. வெள்ளைத் தொழிலாளர்க்கு ஊதியத்தோடு உணவும் உறைவிடமும் கிடைத்தன; சீனர்கள் மாதம் 30 முதல் 35 டாலர் ஊதியத்திலேயே தம் உணவைத் தாமே பார்த்துக்கொண்டனர். 1867 ஜூன் மாதம் ஆயிரக்கணக்கானோர் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, நிறுவனம் அவர்களுக்கு உணவு செல்வதைத் தடுத்து அதை முறியடித்தது.

இத்தனை பேர் வாழ்ந்து உழைத்திருந்தும், அவர்களுள் ஒருவர் தம் கையால் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2012-இல் இவர்களைப் பற்றிய பெரும் ஆய்வுத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதன் தலைவர்களுள் ஒருவரான வரலாற்றறிஞர் கார்டன் சாங் 2019-இல் இவர்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அவருக்கும் ஒரு கடிதம் அகப்படவில்லை. நிறுவனத்தின் சம்பளப் பட்டியல்களிலோ பெரும்பாலும் குழுத்தலைவர் அல்லது ஒப்பந்தக்காரரின் பெயர்தான் உண்டு. அவருக்குக் கீழே உழைத்தவர்கள் வெறும் எண்ணிக்கை. மாக்ஸின் ஹாங் கிங்ஸ்டன் 1980-இல் வெளியிட்ட 'சைனா மென்' நூலில், சியரா மலையில் உழைத்த பாட்டனாரின் கதையைப் பெரிதும் கற்பனையின் துணைகொண்டே எழுத வேண்டியிருந்ததை இங்கே எண்ணிப்பார்க்கலாம்.

இந்த மறதியின் அளவை ஒரே நாளின் நிகழ்ச்சி காட்டிவிடும். 1869 ஏப்ரல் 28-ஆம் நாள், பிராமண்டரிக்கு அருகே ஒரே நாளில் பத்து மைலுக்குத் தண்டவாளம் பதித்துச் சாதனை படைத்தார்கள். தண்டவாளங்களைத் தூக்கி வைத்த அயர்லாந்துக்காரர் எட்டுப் பேரின் பெயர்கள் இன்றும் வரலாற்றில் இருக்கின்றன. அதே நாளில் அதே பத்து மைலில் கட்டை பரப்பி, ஆணி அடித்து, ஜல்லி இறுக்கிய சீனத் தொழிலாளர் பெருங்கூட்டத்தின் பெயர்கள் இல்லை.

எழுத்து இல்லாத இடத்தில் மண்தான் ஏடு. பாதையோரத்தில் கிடைக்கும் பீங்கான் கிண்ணத்தின் ஓடு, பித்தளை அபின் டப்பி, நடுவே சதுரத் துளையிட்ட சீன நாணயம் ஆகியவையே அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகள். எழுத்து தனித்து நின்றால் பொருள் தராது. சொல்லில் அமர வேண்டும். சதுரத் துளை நாணயத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மண்ணில் அதற்குப் பண மதிப்பு ஏறக்குறைய இல்லை. சீனர்கள் அதைச் சூதாட்டக் காயாகவும், தீமையை விலக்கும் காப்பாகவும், மருத்துவத்திலும் பயன்படுத்தினார்கள். சூதாட்டக் காய்களோடு சேர்ந்து ஓரிடத்தில் குவியலாகக் கிடந்தால் அங்கே மாலைப்பொழுதில் நண்பர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அறியலாம். வீட்டின் மூலையில் ஒற்றையாகக் கிடந்தால் கதை வேறு. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தபின், அது எந்தக் கதை என்று சொல்ல அந்த நாணயத்தாலும் முடியாது, கண்டெடுத்தவராலும் முடியாது.

கருவியின் இயல்பும் இங்கே கவனிக்கத்தக்கது. தட்டிலுள்ள கம்பிச்சுருள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. மண்ணிலுள்ள உலோகத்தில் அது சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதன் எதிரொலியைக் கருவி ஒலியாக்குகிறது. இருப்புப்பாதையோரம் எங்கும் இரும்புத் துண்டு என்பதால், ஓயாத இரைச்சலைத் தவிர்க்க வேட்டைக்காரர்கள் பலர் இரும்பைப் புறக்கணிக்கும்படி கருவியை அமைத்துக்கொள்வார்கள். அப்போது பித்தளையும் வெள்ளியும் மட்டும் கேட்கும். ஆனால் மரவீடு உளுத்துப்போன பிறகு அதன் சுவர் எங்கே நின்றது, வாசல் எங்கே இருந்தது என்பதைச் சொல்ல எஞ்சியிருப்பவை துருப்பிடித்த இரும்பாணிகளே. வேட்டைக்காரர் கேட்க மறுத்த இரைச்சல்தான் அந்த வீட்டின் வரைபடம்.

உலோகமல்லாதவற்றின் நிலை இன்னும் பரிதாபம். டெர்ரஸ் ஊரின் சீனர் குடியிருப்பில் அண்மை ஆண்டுகளில் தொல்லியலாளர்கள் முறைப்படி அகழ்ந்து, ஒரு வீட்டின் எச்சத்தையே வெளிக்கொணர்ந்தார்கள். பீங்கானோடு, அங்கே உண்ணப்பட்ட உணவின் எச்சங்களும் விதைகளும் கிடைத்தன. மெட்டல் டிடெக்டருக்கு விதையின் குரல் கேட்காது. ஒரு பொத்தானுக்காகத் தோண்டும் மண்வெட்டி, ஒரு மனிதன் பசியாறிய தடயத்தை அறியாமலே கலைத்துவிட்டுப் போகிறது. டெர்ரஸில் அப்படிக் கலைக்கப்பட்ட குழிகள் பல. அதிபரின் படுக்கையருகே நிகழ்ந்ததுதான் இங்கும்: தேட விரும்பிய இடத்தில், தேட விரும்பியதை மட்டும் தேடினால், முக்கியமானது மறுபக்கத்தில் தங்கிவிடுகிறது.

இவ்வாறு சொல்வதால் இப்பொழுதுபோக்கினர் அனைவரையும் கள்வர் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அவர்களுள் பலர் வரலாற்றின்மீது உண்மையான காதல் கொண்டவர்கள். நிலத்துக்குரியவரின் இசைவோடு தனியார் நிலத்தில் தேடுபவர்களும் உண்டு. சட்டத்தின் எல்லையும் தெளிவானது: நடுவண் அரசின் நிலத்திலோ பூர்வகுடிகளின் நிலத்திலோ நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதை 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது, மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. ரயில் ஓடாத பாதை என்பதால் அது உரிமையாளர் இல்லாத பாதை ஆகிவிடாது.

கருவியும் மனிதனும் நல்ல முறையில் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1876-இல் தளபதி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தில், 1983-ஆம் ஆண்டுத் தீ புல்வெளியை எரித்து மண்ணை வெளிப்படுத்தியது. மறு ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்னும் தொல்லியலாளர்கள், இதே மெட்டல் டிடெக்டர் ஆர்வலர்களைத் தன்னார்வலர்களாக அழைத்து வரிசையாக நடக்கவிட்டார்கள். ஒலி கேட்ட இடத்தில் கொடி நட்டார்கள்; பொருளை எடுக்குமுன் இடத்தை அளந்து குறித்தார்கள். தோட்டா உறைகளில் பதிந்த துப்பாக்கி ஊசியின் தடத்தைக் கொண்டு, ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று பின்தொடர முடிந்தது. அதுவரை பலர் நம்ப மறுத்த லக்கோட்டா, செயென் மக்களின் வாய்மொழிச் சாட்சியங்களுக்கு மண் வலுச்சேர்த்தது. கருவி அதேதான், ஆட்களும் அதே வகையினர்தான். இடத்தைக் குறித்தார்கள் என்பது ஒன்றே வேறுபாடு.

எனவே, கைவிடப்பட்ட பாதையில் நடக்கும் ஒருவருக்குச் சொல்லத்தக்க அறிவுரை எளியது. கண்டதைப் படமெடுங்கள், இடத்தைக் குறியுங்கள், தொல்லியலாளரிடம் தெரிவியுங்கள், பொருளை அங்கேயே விடுங்கள்.

முடிக்குமுன் ஓர் ஆணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1869 மே 10-ஆம் நாள் விழாவில் பயன்பட்ட தங்க ஆணி, முன்னரே துளையிட்ட கட்டையில் மெல்ல வைக்கப்பட்டு, உடனே எடுக்கப்பட்டது. மண்ணைத் தொட்டு ஒரு மழையைக்கூட அது தாங்கவில்லை. அதன் பக்கங்களில் நிறுவன அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சென்ட்ரல் பசிபிக்கின் தலைவர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட் பின்னர் நிறுவிய பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. அதே பல்கலைக்கழகம்தான் பின்னாளில் பெயரில்லாத தொழிலாளர்களின் ஒரு கடிதத்துக்காகத் தவித்தது.

ரயிலின் பாரத்தை உண்மையில் தாங்கிய ஆணிகள் இரும்பாணிகள். அவற்றின்மேல் எவருடைய பெயரும் இல்லை. அவை கிடக்கும் இடம்தான் அவற்றின் பெயர். அதையும் நாம் அழித்துவிட வேண்டாம்.