இரண்டு விடுமுறைகளும் இடைப்பட்ட மூன்று மாதங்களும்

மொரீசியஸ் நாட்டின் விடுமுறைப் பட்டியலில் பெப்ரவரி 1 அடிமைமுறை ஒழிந்த நாள். நவம்பர் 2 இந்திய ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாள். ஆண்டின் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக அமைந்திருப்பதால், முன்னது முடிந்த பின்னரே பின்னது நேர்ந்தது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடிமைகள் விடுவிக்கப்பட்டது 1835 பெப்ரவரி 1. 'அட்லஸ்' என்னும் கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளர்கள் போர்ட் லூயி துறையில் இறங்கியதோ 1834 நவம்பர் 2. பழைய கழுத்துகளிலிருந்து நுகத்தை இறக்குவதற்கு மூன்று மாதம் முன்னரே புதிய கழுத்துகள் கரையேறிவிட்டன.

அந்த முப்பத்தாறு பேர் தமிழரல்லர். சோட்டா நாகபுரி மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். தமிழர் அத்தீவுக்குப் போனது அதற்கும் நூறாண்டு முந்திய கதை. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், குறிப்பாக 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொனே துறைமுக நகரை எழுப்பியபோது, புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தரும் தச்சரும் வரவழைக்கப்பட்டனர். அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் பிடித்து வரப்பட்டவர்கள். இந்தியக் கரையிலிருந்து விற்கப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தனர். கூலி பேசி வந்த சுதந்திர இந்தியர் சிலர் பின்னாளில் தாமே அடிமைகளை வைத்திருந்தனர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். புலம்பெயர்ந்தோர் பெருமை பேசும் நம் கட்டுரைகளில் இச்செய்தி பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

விடுதலை ஒருமுறை வாசல் வரை வந்து திரும்பியதும் உண்டு. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்து ஆணையிட்டது. அதனை நிறைவேற்ற 1796இல் வந்த இரு தூதர்களையும் தீவின் தோட்டக்காரர்கள் கப்பலேற்றித் திருப்பியனுப்பிவிட்டனர். 1810இல் தீவு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. உடைமையாளர் மாறவில்லை, அடிமைகளும் மாறவில்லை.

1833ஆம் ஆண்டின் பிரித்தானிய ஒழிப்புச் சட்டம் 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கியது. இழப்பீடு யாருக்கு? அடிமைகளை இழந்தவர்களுக்கு. மொரீசியஸில் ஏறத்தாழ 66,000 பேருக்காக அவர்களுடைய எசமானர்கள் 20 லட்சம் பவுனுக்கு மேல் பெற்றனர். அந்த 66,000 பேருக்கு ஒரு காசும் இல்லை. விடுதலை நாளன்று அவர்கள் 'பயிற்சியாளர்' என்று பெயர் மாற்றப்பட்டு அதே தோட்டத்தில் அதே வேலையைத் தொடர்ந்தனர். அந்த ஏற்பாடு முடிந்தது 1839இல். முடிந்ததும் பலர் கரும்புக் காட்டை விட்டு விலகினர். அவ்விடத்தை நிரப்பவே கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைகளிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் பேர். முதலில் வந்தோருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதம் 5 ரூபாய். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் ஒன்றும் வேரூன்றியது.

தீவின் தென்மேற்கு முனையில் லெ மோர்ன் என்னும் குன்று நிற்கிறது; உயரம் 556 மீட்டர். தப்பியோடிய அடிமைகள் அதன் உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தனர். விடுதலைச் செய்தியை அறிவிக்க வந்த படையினரைக் கண்டு, பிடிக்க வருகிறார்கள் என்றஞ்சி அவர்கள் பாறையிலிருந்து குதித்து மாண்டனர் என்பது கிரியோல் மக்களின் வாய்மொழி மரபு. ஆவணச் சான்று தேடி இதை ஐயுறுவோர் உண்டு. ஆனால் அரசின் சேவகன் நல்ல செய்தியோடும் வரக்கூடும் என்று நம்புவதற்கு அம்மக்களின் வாழ்வில் என்ன காரணம் இருந்தது? 2008இல் யுனெஸ்கோ அக்குன்றை உலகப் பண்பாட்டு இடமாக ஏற்றது. கூலிகள் இறங்கிய அப்ராவாசி காட் படித்துறை 2006இலேயே அத்தகுதியைப் பெற்றிருந்தது. 1968இல் விடுதலை பெற்ற நாடு இவ்விரு நாட்களையும் விடுமுறையாக்க முப்பதாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இன்று ஒரு விழா குன்றின் அடியிலும் மற்றொன்று படித்துறையிலும் தனித்தனியே நடைபெறுகின்றன. தைப்பூசமும் அங்கே அரசு விடுமுறை. 2018இல் காவடி ஜனவரி 31, அடிமை ஒழிப்பு நாள் மறுநாள்.

அதே 1833 சட்டத்தின் இறுதிப்பகுதியில் ஒரு விலக்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப்பகுதிகளுக்கும் இலங்கைக்கும் செயின்ட் ஹெலினா தீவுக்கும் அது பொருந்தாது. தஞ்சைப் பண்ணைகளில் நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய பள்ளரும் பறையரும் அந்த ஒற்றை வரியால் வெளியே நிறுத்தப்பட்டனர். இறைவன் ஆளோலை காட்டிச் சுந்தரரை வழக்காடிப் பெற்ற கதையைப் பக்திச் சுவையோடு பாடம் சொல்லும் நாம், அவ்வகை ஓலைகள் மெய்யாகவே எழுதப்பட்டன என்பதை வகுப்பறையில் விரைந்து கடந்துவிடுகிறோம். கம்பெனி இந்தியாவுக்கான சட்டம் 1843இல் வந்தது, இலங்கையில் 1844இல். 1843ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'நீ விடுதலையானாய்' என்னும் அறிவிப்பு கிடையாது. ஒருவர் மற்றொருவருக்கு உடைமை என்னும் உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்கா என்றது. வரிப்பாக்கிக்காக ஆட்களை அதிகாரிகள் ஏலம் விடலாகாது என்றது. அடிமையாக ஒருவரை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாவதற்கு 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது. இவற்றுள் எந்த நாளும் நம் விடுமுறைப் பட்டியலில் இல்லை.